எழுமாற்றிலிருந்து நினைவுக்கு: சமகால நடன ஆக்கத்தில் இயந்திரத்தின் பங்கு

1700ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் ராவுல் ஓஜே ஃபெய்யே என்னும் நடன ஆசிரியர் நூலொன்றை வெளியிட்டார். அதன் தலைப்பிலே "கொறியோகிராபி" என்ற சொல் இடம்பெற்றிருந்தது. ஆடலையும் எழுத்தையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கையாக அமைந்த அச்சொல், நடனத்தை ஆக்குதல் என்ற பொருளை அன்று தரவில்லை. ஆடலைக் குறியீடுகளால் தாளில் எழுதுதல் என்பதே அதன் பொருளாக இருந்தது. காலப்போக்கிலேயே அது நடனத்தைப் படைத்தல் என்ற பொருளை எய்தியது. நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் கழிந்த நிலையில், 1704இல், அக்குறியீட்டு முறையை வகுத்தவர் தாமே என்று பியர் போஷாம் முறையிட்டார். அவர் பதினான்காம் லூயி மன்னனின் அவையிலே நடனத் துறையில் முதன்மை பெற்று விளங்கியவர். எனினும் அவரது முறையீடு வெற்றிபெறவில்லை. ஆடலைப் பதிவு செய்யும் முறை யாருடையது என்ற வழக்கு, அச்சொல்லோடு கூடவே பிறந்தது எனலாம்.

மூன்று நூற்றாண்டுகள் கடந்த பின்னர் அவ்வழக்கு வேறொரு வடிவில் மீண்டுள்ளது. செயற்கை நுண்ணறிவு நடனத்தை ஆக்கவல்லதா, ஆக்குமாயின் அதனை நடன ஆக்குநர் என்று அழைக்கலாமா என்ற வினாக்கள் இன்று மேற்குலகின் சமகால நடன அரங்குகளில் எழுப்பப்படுகின்றன. "இயந்திரத்துக்கு உணர்வு இல்லை, ஆதலால் கலையும் இல்லை" என்று ஒரே வாக்கியத்தில் விடைகூறிச் செல்வது எளிது. ஆயின் அவ்விடை வரலாற்றைக் கருத்திற் கொள்ளாத விடையாகும். நடன ஆக்கத்தில் இயந்திரம் புகுந்தது நேற்று நிகழ்ந்ததன்று; அது அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றையுடையது. அவ்வரலாற்றிலே இயந்திரம் ஆற்றிய பணி ஒரே தன்மையதாக இருக்கவுமில்லை. அது எவ்வாறு மாறிவந்தது என்பதையும், அம்மாற்றத்தினால் யாருடைய உழைப்பு மறைபடுகின்றது என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு இங்கு வேண்டப்படுகின்றது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே ஆடலாசானின் தகைமைகள் விரித்துரைக்கப்படுகின்றன. அச்சொல் அழகியது, எனினும் அது பயிற்றுவோனையே முதன்மையாகச் சுட்டுவது. இங்கு நாம் ஆராய்வது ஆக்குதல் என்ற தொழிலையாதலால், "நடன ஆக்கம்", "நடன ஆக்குநர்" என்னும் தொடர்களே கையாளப்படுகின்றன.

இயந்திரம் வருமுன்னரே அதற்கான இடம் நடனத்தில் உருவாகியிருந்தது. அமெரிக்க நடன ஆக்குநரான மேர்ஸ் கனிங்ஹாம் (1919-2009), இசையமைப்பாளர் ஜோன் கேஜ் (1912-1992) ஆகிய இருவரும் இவ்விடத்தை உருவாக்கியவருள் முதன்மையானவர்கள். 1951இல் கனிங்ஹாம் ஆக்கிய "பதினாறு நடனங்கள்" என்ற படைப்புக்குக் கேஜ் இசையமைத்தார். இப்படைப்பு இந்திய அழகியல் கூறும் ஒன்பது சுவைகளை அடிப்படையாகக் கொண்டது. கொழும்பிலே 1877இல் பிறந்த கலைத்திறனாய்வாளர் ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துக்கள் வாயிலாகவே கேஜ் இக்கோட்பாட்டை அறிந்திருந்தார் என்பது நமக்குச் சுவையான செய்தி. ஆனால் வரலாற்று நோக்கில் முக்கியமானது வேறொன்று. சுவைகள் எந்த வரிசையில் வரவேண்டும் என்பதைக் கனிங்ஹாம் நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தார். வீரத்தின் பின் எது, அவலத்தின் முன் எது என்பதைக் கலைஞனின் மனம் முடிவுசெய்யவில்லை.

இதனைப் பொறுப்பின்மை என்று கொள்வது தவறாகும். கலைஞனுடைய உடம்பு தான் பழகியவற்றையே திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பினது. வலக்கால் முன்வைத்தால் இடக்கை உயரும், சுழன்றபின் நிற்கும், நின்றபின் தாழும். இப்பழக்கத்தின் பிடியிலிருந்து விடுபடுவதற்கான வழியாகவே எழுமாற்று முறையைக் கனிங்ஹாம் கைக்கொண்டார். நாணயத்துக்கு நினைவில்லை. முந்திய அசைவு யாதென்று அது அறியாது. அந்த அறியாமையே அவருக்குத் தேவைப்பட்டது.

நாணயம் செய்த பணியைக் கணினி விரைவாகச் செய்யும் என்பது அடுத்த பத்தாண்டிலே உணரப்பட்டது. 1964இல் பிட்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திலே ஜீன் பீமன் என்ற நடன ஆசிரியை, அங்குள்ள கணினி நிலையத்தைச் சேர்ந்த போல் லெ வஸருடன் இணைந்து ஒரு சோதனையை மேற்கொண்டார். அசைவு வகைகள், அவற்றின் வேகம், அவை செல்லும் திசை ஆகியன பட்டியல்களாக வகுக்கப்பட்டன. கணினி ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் எழுமாற்றாக ஒன்றைத் தெரிந்து, அவற்றை இணைத்து ஆடுநருக்குரிய அறிவுறுத்தல்களாக அச்சிட்டுத் தந்தது. ஆடுநர் அவற்றை வாசித்து ஆடினர். ஏறத்தாழ இதே காலத்தில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மைக்கல் நோல், மேடையொன்றிலே கோட்டுருவங்கள் அசையும் படத்தைக் கணினியினால் உருவாக்கினார். நடன ஆக்கத்துக்குக் கணினி எவ்வாறு பயன்படலாம் என்பதை விளக்கி 1967 ஜனவரியில் அமெரிக்க நடனச் சஞ்சிகையொன்றிலே அவர் கட்டுரையும் எழுதினார்.

1973இல் பிரேசில் நாட்டிலே அனாலிவியா கோர்தெய்ரோ என்ற இளம் ஆடற்கலைஞர் இம்முயற்சியை மேலும் முன்னெடுத்தார். தொலைக்காட்சிக்கென அவர் ஆக்கிய "எம் மூன்று பெருக்கல் மூன்று" என்ற படைப்பிலே ஒன்பது ஆடுநர்கள் கட்டங்களாக வகுக்கப்பட்ட தளத்தில் நின்று ஆடினர். கணினி நிரல் ஆடுநருக்கு மட்டுமன்றிப் படப்பிடிப்புக் குழுவினருக்கும் அறிவுறுத்தல்களை வழங்கியது. ஆடுநர் எய்தவேண்டிய நிலைகளையே நிரல் கூறியது. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழி ஆடுநரின் உடம்பிலேதான் பிறக்கவேண்டியிருந்தது.

இம்மூன்று முயற்சிகளையும் ஒருங்கு நோக்குமிடத்து, அவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை இருத்தலை அவதானிக்கலாம். பட்டியலை எழுதியவர் மனிதர், விதிகளை வகுத்தவர் மனிதர், ஆடியவர் மனிதர். இடையிலே இயந்திரம் செய்தது தெரிதல் ஒன்றே. அது எந்த ஆடுநரின் அசைவையும் தன்னுள் கொண்டிருக்கவில்லை. ஆதலால் எவருக்கும் அது கடன்பட்டிருக்கவுமில்லை. இதனை முதற்கட்டம் எனக் கொள்ளலாம்.

இரண்டாவது கட்டத்தில் இயந்திரம் தெரிவு செய்யும் கருவி என்ற நிலையிலிருந்து வரையும் பலகை என்ற நிலைக்கு மாறியது. 1968இல் வெளிவந்த தமது குறிப்புநூலிலேயே, நடனத்தை முப்பரிமாணத்தில் காட்டவல்ல மின்னணுக் குறியீட்டு முறையொன்றைக் கனிங்ஹாம் கற்பனை செய்திருந்தார். இருபது ஆண்டுகளின் பின் அது கைகூடியது. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்திலே தொமஸ் கல்வேட்டின் குழுவினர் உருவாக்கிய "லைஃப் ஃபோர்ம்ஸ்" என்ற மென்பொருளைக் கனிங்ஹாம் எண்பதுகளின் இறுதியிலிருந்து பயன்படுத்தத் தொடங்கினார். அதனைக் கையாள அவருக்குத் துணைநின்றவர் அக்குழுவைச் சேர்ந்த தெக்லா ஷிப்போர்ஸ்ட். அவ்வேளை கனிங்ஹாம் எழுபது வயதை எட்டியிருந்தார். மூட்டுவாதம் அவரது உடம்பை வாட்டியது. தாம் ஆடிக்காட்ட இயலாதவற்றைத் திரையிலுள்ள உருவத்தைக் கொண்டு அவர் ஆடச்செய்தார். இவ்வாறு உருவான "டிராக்கர்ஸ்" 1991இல் மேடையேறியது. அதன் பெயரே அம்மென்பொருளின் கட்டளையொன்றிலிருந்து பெறப்பட்டதாகும்.

திரையிலுள்ள உருவத்துக்கு எடையில்லை, மூச்சு வாங்குவதில்லை, அது விழுந்தால் நோவதுமில்லை. எனவே மனித உடம்பினால் இயலாத அசைவுகளும் அதிலே தோன்றின. அவற்றைக் கனிங்ஹாம் ஒத்திகைக் கூடத்துக்குக் கொண்டுவந்தார். எது இயலும், எது இயலாது, இயலாததை எவ்வாறு இயலச் செய்யலாம் என்பவற்றை ஆடுநரின் உடம்புகள் விடுவித்தன. கால்களின் அசைவு ஒரு வழியாகவும் கைகளின் அசைவு வேறு வழியாகவும் தீர்மானிக்கப்பட்டமையால், இவ்விரண்டையும் ஒரே உடம்பிலே இணைப்பது கடும் உழைப்பை வேண்டிற்று. திரையில் பிறந்த கோலம் நடனமானது அவ்வுழைப்பினாலேயே. வரலாறு கனிங்ஹாமின் பெயரையும் மென்பொருளின் பெயரையும் நினைவில் வைத்துள்ளது. அக்கோலங்களை நாள்தோறும் தம் முழங்கால்களிலும் முதுகெலும்பிலும் சோதித்தவர்களை நாம் அந்த அளவுக்கு நினைப்பதில்லை.

1999இல் அரங்கேறிய கனிங்ஹாமின் "பைபெட்" என்ற நடனம் இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். போல் கைசர், ஷெல்லி எஷ்கார் என்ற இரு கலைஞர்கள் இதில் அவரோடு பணிபுரிந்தனர். ஆடுநரின் உடம்பிலே அடையாளப் புள்ளிகளைப் பொருத்தி, அவற்றின் இயக்கத்தைக் கருவிகளால் பதிவு செய்து, அப்பதிவிலிருந்து கோட்டோவியங்கள் போன்ற உருவங்களை உருவாக்கி, மேடையின் முன்னுள்ள மெல்லிய திரையிலே வீழ்த்தினர். உயிருள்ள ஆடுநரும் ஒளியுருவங்களும் ஒரே மேடையிற் காணப்பட்டனர். பார்த்தோர் வியந்தனர். ஆயினும் வியப்புக்கு அப்பால் இங்கு நிகழ்ந்த ஒன்றை நாம் மனங்கொள்ள வேண்டும். ஆடுநரின் அசைவு அவருடைய உடம்பினின்றும் பிரிக்கப்பட்டது. அவர் வீட்டுக்குச் சென்ற பின்னரும், வேறு குழுவிற் சேர்ந்த பின்னரும், ஓய்வு பெற்ற பின்னரும் அது இயங்கவல்லதாயிற்று. நடனம் சேமித்துப் பெருக்கத்தக்க மூலப்பொருளாகும் வாய்ப்பைப் பெற்றது.

மூன்றாவது கட்டத்துக்கு இதுவே அடித்தளம். 2016இல் சுவீடனைச் சேர்ந்த லூக்கா, லூயீஸ் கிரென்கோவிச்-ஃப்ரீஸ் என்ற இருவர் நரம்பு வலையமைப்பு ஒன்றின் மூலம் சமகால நடன அசைவுகளை உருவாக்கிக் காட்டினர். ஒரு நடன ஆக்குநர் தாமே ஆக்கி ஆடிய ஐந்து மணிநேர அசைவுப் பதிவே அவ்வலையமைப்புக்குப் பாடநூலாக அமைந்தது. மனித உடம்பின் 25 மூட்டுப் புள்ளிகள் எவ்வாறு இடம்பெயர்கின்றன என்பதை அது பயின்றது. எவரும் அதற்கு விதிகளைக் கூறவில்லை, பட்டியலையும் தரவில்லை. சென்ற கணங்களில் உடம்பு இருந்த நிலைகளை நோக்கி, அடுத்த கணத்தில் அது இருக்கக்கூடிய நிலையை ஊகிப்பதே அதன் தொழில். தொடக்கத்தில் பொருளற்றுச் சிதறிய புள்ளிகள், பயிற்சி முன்னேற முன்னேற உடம்பாகி, பின் அசைவாகி, இறுதியில் அந்த ஆக்குநரின் பாணியைச் சார்ந்த தொடர்களாயின.

அதன் பின்னர் இம்முயற்சிகள் விரைந்து பெருகின. 2019இல் பிரித்தானிய நடன ஆக்குநர் வெய்ன் மக்கிரெகர், கூகிள் நிறுவனத்தின் கலை, பண்பாட்டுப் பிரிவுடன் இணைந்து "உயிருள்ள ஆவணக்காப்பகம்" என்னும் பொருளுடைய திட்டமொன்றை நிறைவேற்றினார். ஏறத்தாழ 25 ஆண்டுக்காலப் படைப்புக்களின் ஒளிப்பதிவுகளும் அவரது குழுவினரின் அசைவுகளும் இயந்திரத்துக்குப் பயிற்றப்பட்டன. ஆடுநர் ஒருவர் ஒளிப்படக்கருவியின் முன் ஓர் அசைவை ஆடினால், அதன் தொடர்ச்சியாக வரக்கூடிய பலவற்றை இயந்திரம் திரையிற் காட்டும். அவற்றுள் வேண்டியதை ஆடுநர் தேர்ந்து, தம்முடையதாக்கி ஆடலாம். இவ்வாறு உருவான நிகழ்ச்சி அவ்வாண்டு ஜூலையிலே லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மேடையேறியது. 2021இல் கூகிள் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று, இசையைக் கேட்டு அதற்கேற்ப முப்பரிமாண அசைவை உருவாக்கும் முறையொன்றை வெளியிட்டது. யப்பானியத் தொழில்முறை ஆடுநர்களைக் கொண்டு முன்னர் தயாரிக்கப்பட்ட ஒளிப்பதிவுத் தொகுதியிலிருந்து பெறப்பட்ட, பத்து ஆடல் வகைகளைச் சார்ந்த 5.2 மணிநேர அசைவுத் தரவே அதற்கு ஆதாரம். அம்முறைக்கு அவர்கள் இட்ட பெயர் "செயற்கை நுண்ணறிவு நடன ஆக்குநர்" என்பதே.

முதற்கட்டத்துக்கும் மூன்றாவது கட்டத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இப்போது தெளிவாகும். கனிங்ஹாமின் நாணயத்துக்கு நினைவில்லை. இன்றைய இயந்திரம் நினைவினாலேயே ஆனது. அன்று கலைஞர் பழக்கத்திலிருந்து தப்புதற்காக எழுமாற்றை நாடினார். இன்று இயந்திரம் கலைஞரின் பழக்கத்தையே திரட்டி, அளந்து, அடுத்து வரத்தக்கது இதுவென்று அவரிடமே மீட்டுத் தருகின்றது. இரண்டையும் "கணினி நடனம்" என்ற ஒரே பெயரால் அழைத்து, ஒன்றின் இயல்பான வளர்ச்சியே மற்றது என்று கருதுவது பிழையாகும். கருவி ஒன்றாகத் தோன்றினும் அவை எதிரெதிர்த் திசைகளை நோக்குவன. எழுமாற்றாக இயங்கிய இயந்திரம் எவருக்கும் கடன்பட்டதன்று. கற்கும் இயந்திரமோ தான் காட்டும் ஒவ்வோர் அசைவிலும் யாரோ ஒருவருக்குக் கடன்பட்டுள்ளது.

இவ்விடத்திலே நியாயமான மறுப்பொன்று எழலாம். மனித நடன ஆக்குநரும் பிறரிடம் கற்றவரே அல்லரோ? ஆசிரியரின் பாணியும், தாம் கண்ட மேடைகளும், தம் குழுவிலுள்ள ஆடுநர் ஒத்திகையின்போது தற்செயலாகச் செய்த அசைவுகளும் அவரது ஆக்கத்திலே கலக்கவில்லையா? கலந்துள்ளன. சமகால நடன ஆக்கங்கள் பல, ஆடுநர் ஒத்திகையில் உருவாக்கித் தரும் அசைவுகளிலிருந்தே வளர்கின்றன. ஆனால் அக்கடனை அடைப்பதற்கு மனித உறவுகளிலே வழிகள் உண்டு. மாணவர் ஆசிரியரின் பெயரைச் சொல்கின்றார். ஆக்குநர் ஆடுநரோடு ஒரே கூடத்தில் நிற்கின்றார். நிகழ்ச்சித்தாளிலே பெயர்கள் அச்சாகின்றன. ஆடுநர் "இது என் உடம்புக்கு ஆகாது" என்று மறுக்கலாம். தரவாக மாற்றப்பட்ட அசைவுக்கு மறுக்கும் வாய் இல்லை. இயந்திரம் காட்டும் ஒரு கைவீச்சு எவருடைய தோளிலிருந்து வந்தது என்று பிரித்துக் கூறுதலும் அரிது. அது பலருடைய அசைவுகளின் கலவையாக உருமாறியிருக்கும்.

சட்டம் இதற்கு விடை தருமா? நடனத்துக்குப் பதிப்புரிமை கிடைத்த வரலாறே நீண்டதும் தயக்கம் மிக்கதுமாகும். 1952இல் ஹான்யா ஹோம், தாம் ஓர் இசைநாடகத்துக்கு ஆக்கிய நடனங்களை லாபான் குறியீட்டில் எழுதி அமெரிக்காவிலே பதிப்புரிமைக்குப் பதிவு செய்தார். நடன ஆக்கம் தனியொரு வகையாக அந்நாட்டுச் சட்டத்திற் பெயர்சுட்டி ஏற்கப்பட்டது 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே. அது 1978 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. அவ்வுரிமையும் எப்போதும் ஆக்கியவருக்கே சேர்ந்ததில்லை. மார்த்தா கிரஹாம் 1991இல் மறைந்தபின், அவரது நடனங்களுட் பெரும்பாலானவை அவர் பணியாற்றிய நிறுவனத்துக்கே உரியன என்று 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவற்றுட் பலவற்றை ஊழியர் என்ற நிலையில் அவர் ஆக்கினார் என்பது ஒரு காரணம். 2025 மார்ச்சில் வொஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம், இயந்திரத்தை ஒரே ஆக்குநராகக் காட்டிய ஓவியமொன்றின் வழக்கிலே, ஆக்குநர் மனிதராகவே இருத்தல் வேண்டும் என்று தீர்த்தது. இத்தீர்ப்புக்கள் இயந்திரம் ஆசிரியர் அன்று என்பதைக் கூறுகின்றன; நிறுவனம் உரிமையாளர் ஆகலாம் என்பதையும் கூறுகின்றன. தம் அசைவினால் இயந்திரத்துக்குக் கற்பித்த ஆடுநருக்கு என்ன உரித்து என்ற வினாவை அவை தொடவில்லை.

இவ்வாறு கூறுவதனால் இயந்திரத்தை அரங்கிலிருந்து அகற்றவேண்டும் என்பது பொருளன்று. மூட்டுவாதத்தால் முடங்கிய முதிய கலைஞர் ஒருவருக்கு அது மீண்டும் ஆடலைத் தந்தது என்பதை நாம் கண்டோம். 2017இல் மக்கிரெகர் ஆக்கிய "தன்வரலாறு" என்ற நடனத்திலே 23 பகுதிகள் உள்ளன. அவருடைய மரபணுத் தகவலை அடிப்படையாகக் கொண்ட நிரலொன்று, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எப்பகுதிகள் எவ்வரிசையில் ஆடப்படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. பகுதிகளை ஆக்கியவர் எவர், ஆடுவோர் எவர் என்பது அங்கு வெளிப்படை. இத்தகைய பயன்பாட்டிலே இயந்திரம் எவரையும் மறைக்கவில்லை.

எனவே "இயந்திரம் நடன ஆக்குநரா?" என்று வினவுவது, வினாவைத் தவறான இடத்தில் நிறுத்துவதாகும். அவ்வாறு வினவும்போது நமது பார்வை இயந்திரத்திலேயே நிலைகொள்கின்றது. அதன் பின்னே நிற்கும் ஆடுநர் இருளில் மறைகின்றனர். வினவவேண்டியவை வேறு. அது யாரிடம் கற்றது? கற்பித்தவர் அறிந்து உடன்பட்டனரா? அவர்களின் பெயர் எங்கே எழுதப்பட்டுள்ளது? அது காட்டிய பலவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றைத் தள்ளியவர் யார்? ஆடும்போது காயமுற்றால் பொறுப்பேற்பவர் யார்? இவ்வினாக்கள் ஒவ்வொன்றுக்கும் மனிதப் பெயர்களே விடையாக வரமுடியும்.

ஆடலை எழுதுதல் என்ற பொருளோடு பிறந்த சொல் ஆடலை ஆக்குதல் என்ற பொருளைப் பெற்றதைத் தொடக்கத்திலே கண்டோம். இன்று எழுதிவைத்த ஆடலே புதிய ஆடலுக்கு மூலமாகின்றது. பதிவும் படைப்பும் மீண்டும் ஒன்றை ஒன்று தழுவுகின்றன. 1704இல் ஒருவர் தமக்குரியதென்று வாதாடினார். அவர் வழக்கில் தோற்றபோதிலும், அவர் பெயர் வரலாற்றிலே தங்கியது. இன்று இயந்திரத்துக்குத் தம் உடம்பினாற் பாடம் சொல்லிக்கொடுத்த ஆடுநர் பலர் வாதாடவும் வாய்ப்பற்றோராக உள்ளனர். நடன வரலாற்றை எழுதப்புகும் நம் தலைமுறை, இயந்திரத்தின் பெயரை எழுதுமுன் அவர்களுடைய பெயர்களைத் தேடி எழுதுதல் வேண்டும்.